மழைக்கால நொச்சியின் வீரியம்

ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் அக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். இலையை எப்படி அரைப்பது, எத்தனை மணி நேரம் ஊற வைப்பது, வடித்ததை எப்படி வற்ற வைப்பது என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. என்னைவிட உங்களுக்கு அது நன்றாகவே தெரியும், கேட்டால் எனக்கே பாடம் எடுப்பீர்கள். நான் சொல்லப் போவது என்னுடைய ஒரு தவற்றைப் பற்றி. அசட்டையாக இருந்து செய்த தவறு என்றால் சொல்லவே மாட்டேன், வெட்கத்தோடு போயிருக்கும். இது எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தபோது செய்த தவறு.

எழுபதுகளின் கடைசி அது. அலோர் ஸ்டாரில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம். மூன்று மேசை, ஒரு குளிர்பெட்டி, இலை உலர்த்த ஒரு மின்சார அடுப்பு. அந்த அடுப்பு எப்போது வேலை செய்யும், எப்போது செய்யாது என்பது அதற்கே வெளிச்சம். எங்கள் தலைவரை எல்லோரும் டாக்டர் என்றே கூப்பிடுவோம், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். பினாங்குத் தமிழர், கெட்டிக்காரர், கொஞ்சம் முன்கோபி. கண்ணாடிச் சாமான்கள் கழுவ யான் என்ற ஊரிலிருந்து வந்த காக் சோம் என்ற மலாய்க்கார அக்கா. நான் நாள் சம்பளத்து உதவியாளர். நான்கு வருடமாக நாள் சம்பளம்தான்.

மக்கள் மருந்தாகப் பயன்படுத்தும் இலைகளில் உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. இரண்டு சோதனை. இலைச் சாற்றில் நனைத்த சின்ன வட்டத் தாளைக் கிருமி விதைத்த தட்டில் வைப்போம். மறுநாள் அந்தத் தாளைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவாக வளையம் விழுந்திருந்தால் சாறு கிருமியைக் கொல்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, சாற்றைச் செம்பனை எண்ணெயில் கலந்து வைத்து, எண்ணெய் எத்தனை நாள் சிக்கு வாடை அடிக்காமல் தாங்குகிறது என்று பார்ப்பது. இன்றைக்கு நீங்கள் கருவியில் ஊற்றி எண்ணைப் படித்துவிட்டுப் போய்விடுகிறீர்கள். நாங்கள் மூக்கையும் கூட வைத்துக்கொண்டு வேலை செய்தோம். அந்த மூக்குதான் என்னைக் கவிழ்த்தது.

அந்த வருடம் எடுத்துக்கொண்ட இலை நொச்சி. மலாய்க்காரர்கள் லெமுனி என்பார்கள், அதை அரைத்துச் சேர்த்துச் சோறு சமைப்பார்கள். பெண்டாங் ஊரைத் தாண்டி உள்ளே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளின் பின்னால் வேலி முழுக்க நொச்சிதான். அதனால் இலை கொண்டுவருவது என் பொறுப்பாயிற்று. நான் அலோர் ஸ்டாரில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். எங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளிக்கிழமைதான், அதனால் வியாழன் அரை நாள் வேலை முடிந்ததும் பஸ் ஏறி வீட்டுக்குப் போவேன். சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் இலை மூட்டையோடு திரும்பி வருவேன். வாரத்தில் அம்மா பறித்து வைப்பாள், அப்பா காய வைப்பார்.

மழை பிடித்த முதல் வாரம் நான் கொண்டுவந்த மூட்டையில் பாதி பூசணம். ஆய்வுக்கூடத்து அடுப்பு வழக்கம்போல் படுத்துவிட்டிருந்தது. டாக்டர் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, “இத டெஸ்ட் பண்ணினா நொச்சிய டெஸ்ட் பண்றோமா, பூசணத்தையா? எங்க வச்சிருந்தாங்க, யாரு தொட்டாங்க, எத்தன நாளு? எல்லாம் எழுதிக் குடு!” என்று சத்தம் போட்டார். மூட்டையைக் குப்பையில் கொட்டினோம். நான் வீட்டுக்குப் போனபோது அழுதுகொண்டே சொன்னேன். அப்பா சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போனார்.

அடுத்த வாரம் இலை வந்தது பாருங்கள், அப்பளம் மாதிரி. கையில் எடுத்தால் நொறுங்கியது. கொஞ்சம் கறுத்திருந்தது, மழைக்காலத்து இலை அப்படித்தான் இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் துவைத்துப் போட்ட துணிகூட எங்கள் வீட்டில் காயவில்லை. இலை மட்டும் எப்படிக் காய்ந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. டாக்டருக்கும் தோன்றவில்லை. “வெரி குட், இப்பிடித்தான் கொண்டு வரணும்” என்றார். எங்கே வைத்திருந்தார்கள், யார் தொட்டார்கள் என்று அன்றைக்கு யாரும் எழுதித் தரச் சொல்லவில்லை.

சோதனை செய்தோம். தாளைச் சுற்றி அப்படி ஒரு வளையம். டாக்டர் அளவுகோலை வைத்து மூன்று தடவை அளந்தார். எண்ணெய்ச் சோதனையிலும் அதே கதை. வெறும் எண்ணெய் சிக்கெடுத்து நாறிக்கொண்டிருக்க, நொச்சி கலந்தது நேற்று வாங்கியது போல் இருந்தது. அந்த மழை முடியும் வரை ஐந்து மூட்டை கொண்டுவந்தேன். ஐந்திலும் அதே வளையம்.

பிறகு வெயில் வந்தது. தையில் கொண்டுவந்த இலையில் வளையம் நகத்தளவுதான். அடுத்ததிலும் அப்படியே. டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது அதிமேதாவியாக ஒருத்தி வாயைத் திறந்தாள், வேறு யார், நான்தான். “டாக்டர், மழையில செடிக்குப் பூசணம் புடிக்குமில்ல? அதோட சண்ட போடத்தான் செடி இந்தச் சத்த அதிகமா உண்டாக்குதோ என்னமோ” என்றேன். அவர் எழுந்து என் தோளைத் தட்டினார். மழைக்கால நொச்சியின் வீரியம் என்பதே கட்டுரையின் மையம் ஆயிற்று. என் வாயிலிருந்து வந்த விளக்கம் தட்டச்சில் ஏறியதைப் படித்துப் படித்துப் பூரித்துப் போனேன்.

கோலாலம்பூரிலிருந்து மேலதிகாரிகள் வருவதாகவும், ஒரு புதன்கிழமை டாக்டர் அவர்கள் முன் கட்டுரையைப் படிப்பதாகவும் ஏற்பாடு. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் வேலைத் திட்டம் தொடரும், என் வேலை நிரந்தரமாகும். டாக்டரே சொல்லிவிட்டார், சிபாரிசுக் கடிதத்தையும் காட்டினார்.

அந்த நிரந்தரம் எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். லயத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்குத்தான். அப்பாவுக்கு அந்த வருடக் கடைசியில் வேலை ஓய்வு. அம்மா பால் மரம் வெட்டி, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தே முதுகு போய், ஏற்கெனவே நின்றுவிட்டவள். வேறு பிள்ளைகள் கிடையாது. அப்பா வேலையை விட்டதும் வீட்டைக் காலி செய்ய வேண்டும். என் வேலை நிரந்தரமானால் அரசாங்க வீட்டுக்கு மனுப் போடலாம். அம்மா மனத்துக்குள் அந்த வீட்டில் அந்தோணியார் படத்தை எந்தச் சுவரில் மாட்டுவது என்றுகூட முடிவு செய்துவிட்டாள்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, இன்னொரு புதன்கிழமை. மழைக்கால மூட்டையில் மிச்சம் கிடந்த இலையை காக் சோம் ஒரு பிடி கேட்டார். வீட்டில் லெமுனிச் சோறு செய்யப் போவதாகச் சொன்னார். நானே அள்ளிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தவர் முகம் சுளித்தார்.

“இனி புக்கான் பாவ் லெமுனி-லா, ரோசா. பாவ் ஆசாப்,” என்றார். இது லெமுனி வாடை இல்லை, புகை வாடை என்று அர்த்தம். புகை போட்ட மீன் மாதிரி நாறுகிறது, இதையா சோற்றில் போடுவது என்று என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நான் முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி முகர்ந்தேன். இலை வாடைதான், வீட்டிலிருந்து வருகிற எல்லாவற்றிலும் இருக்கிற வாடைதான். அப்படி நினைத்த மாத்திரத்தில் எனக்கு அப்பாவின் சட்டை ஞாபகத்துக்கு வந்தது.

அப்பா என்ன வேலை பார்த்தார் என்று இதுவரை சொல்லவில்லை, பார்த்தீர்களா? எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டு உலர்த்தும் கூடத்தில் அவர்தான் பொறுப்பு. விறகு போடுவதும், சூடு பார்ப்பதும், கம்பிகளில் ஷீட்டுகளைத் தொங்கவிட்டு எடுப்பதும் அவர் வேலை. நான் பிறந்ததிலிருந்து அவர் சட்டையில், போர்வையில், அவர் வாங்கி வரும் ரொட்டியில்கூட அந்தப் புகைதான். காக் சோமுக்குப் புகை நாறியது. எனக்கு வீடு மணத்தது.

வியாழன் மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கேட்டேன்.

“அப்பா, மழ நாள்ல எலைய எங்க காய வச்சீங்க?”

“எங்க வைப்பாங்க? நம்ம புகைக் கூடத்துலதாம்மா,” என்றார், கொஞ்சம் பெருமையாகவே. “கொசுவலத் துணியில கட்டி மேல் கம்பியில தொங்க விட்டேன். மூணு நாள்ல மொறுமொறுன்னு ஆயிரும். தோட்டத்து ஆபீஸ் கிராணிகிட்டகூடச் சொல்லல. நல்லாத்தானே இருந்துச்சு?”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதாப்பா?”

“நீ கேக்கலயேம்மா.”

விறகுப் புகையில் கிருமியைக் கொல்லும் சரக்கும் உண்டு, எண்ணெயைக் கெடாமல் வைக்கும் சரக்கும் உண்டு. மீனுக்கு ஏன் புகை போடுகிறோம்? அதற்குத்தான். மழைக்கால நொச்சியின் வீரியம் என்று நாங்கள் எழுதி வைத்தது அப்பா போட்ட புகையின் வீரியமாக இருக்கலாம். உட்கார்ந்து அவருக்கு விளக்கிச் சொன்னேன். நிரந்தரம் போய்விடலாம் என்பதையும் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

“சொல்லாம விட்டா யாருக்கும்மா தெரியப் போவுது?” என்றார் அப்பா. “எல நல்ல எலதானே. நாம ஒண்ணும் வெசத்த விக்கலயே லா. வீட்ட விட்டுட்டு இந்த வயசுல உங்கம்மாவக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?”

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. அதே கேள்வியை பஸ்ஸில் வரும்போது நான் பத்துத் தடவை என்னையே கேட்டுவிட்டிருந்தேன். “எனக்கே நிச்சயமாத் தெரியலப்பா. மொதல்ல தெரிஞ்சிக்கிறேன்,” என்றேன். ஆய்வுக்கூடத்திலிருந்து எடுத்து வந்திருந்த வெறும் வடிதாளை அவரிடம் நீட்டினேன். அதில் இலையும் இல்லை, மருந்தும் இல்லை. “இத எல தொங்கின எடத்துல மூணு நாளு தொங்க விடுங்க. நான் சனிக்கெழம வேலைக்குப் போயிருவேன், நீங்க எடுத்து வைங்க.” அவர் வாங்கிக்கொண்டார். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

சனிக்கிழமை டாக்டர் கட்டுரையைப் படியெடுக்கக் கொடுத்தார். ஞாயிறு அந்தப் படிகளை நான்தான் அடுக்கிக் கட்டினேன். என் வாய் திறக்கவில்லை. சோதித்துப் பார்க்காமல் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன் என்று இன்றுவரை சொல்லிக்கொள்கிறேன். பாதி அது. மீதிப் பாதி பயம். இதில் மட்டும் என்னைப் பின்பற்றாதீர்கள் பிள்ளைகளே. சந்தேகம் வந்த அன்றைக்கே சந்தேகம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு நாள் நான் ஊமையாக இருந்ததில் ஒரு கட்டுக் காகிதம் அச்சாகி வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை ஆய்வுக்கூட வாசலில் அப்பா நின்றார். அதுவரை அந்தப் பக்கமே வந்ததில்லை. சலவைச் சட்டை, கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய பொட்டலம். காக் சோம் அவரை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். அவர் குடிக்காமல் என்னையே பார்த்தார்.

“கதவோரமாக் கட்டினா புகை அவ்வளவாப் புடிக்காதும்மா,” என்றார் தணிந்த குரலில். “அங்கதான் மொதல்ல கட்டினேன். அப்புறம் அவுத்து உள்ளாற, எல தொங்கின எடத்துலயே கட்டிட்டேன். மூணு நாளு முழுசா.”

காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்துதான் வேலையைத் தொடங்கினேன்.

அந்தத் தாளை நறுக்கி, நொச்சிக்குச் செய்ததை எல்லாம் அதற்கும் செய்தேன். புகையில் தொங்காத வெறும் தாளுக்கும் அப்படியே. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தேன். செவ்வாய் காலை எடுத்துப் பார்த்தபோது, தொங்காத தாளைச் சுற்றி ஒன்றுமில்லை. அப்பா தொங்கவிட்ட தாளைச் சுற்றி, இலையின் நிழல்கூடப் படாத தாளைச் சுற்றி, மழைக்கால நொச்சிக்கு விழுந்த அதே வளையம்.

தட்டை டாக்டர் மேசை மேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அளவுகோலை எடுத்தார், அளக்காமலே கீழே வைத்தார்.

“யாருக்கெல்லாம் தெரியும்?”

“எனக்கும் எங்கப்பாவுக்கும் தெரியும் டாக்டர். புகை வாடைன்னு கண்டுபுடிச்சதே காக் சோம்தான்.”

“நாளைக்கு மீட்டிங். இன்னிக்கு வந்து சொல்றே.”

“போன புதன்கெழமையே சந்தேகம் வந்திருச்சு டாக்டர். சொல்லாதது என் தப்பு.”

“மொதல்ல போறது உன் போஸ்ட்டுத்தான். அது தெரியுமா உனக்கு?”

“தெரியும் டாக்டர்.”

“வெளிய போ,” என்றார். போனேன். அன்று முழுக்க அவர் அறைக் கதவு திறக்கவில்லை. மறைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. மறைத்துவிட்டால் நல்லது என்றும் மனத்தின் ஒரு மூலையில் இருந்தது. இரண்டும் உண்மை.

மறுநாள் கூட்டத்தில் தேநீர் பரிமாறுகிற சாக்கில் கதவோரம் நின்றேன். டாக்டர் எழுந்து, நான் அடுக்கிக் கட்டிய படிகளை யாருக்கும் கொடுக்காமல் கவிழ்த்து வைத்தார். அந்தத் தட்டை மேசை நடுவில் வைத்தார். வெயில்காலத்து முடிவுகள் மட்டுமே நிற்கும், மழைக்காலத்து முடிவுகளைத் திரும்பப் பெறுகிறேன், இலை உலர்த்திய முறையில் தவறு என்றார். வந்தவர்களில் ஒருவர், உலர்த்தியது யார் என்று கேட்டார். டாக்டர் கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. “எப்படி உலர்த்தினார்கள் என்று கேட்க வேண்டியது நான். நான் கேட்கவில்லை,” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்காக அவர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார் என்று நினைக்காதீர்கள். ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலைத் திட்டம் தொடரவில்லை. டாக்டருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. எனக்குக் கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். ஒரு கிளினிக்கில் இரத்தம் சோதிக்கும் வேலைக்குப் போனேன். இரண்டு வருடம் கழித்து அவரே கடிதம் போட்டு என்னை மறுபடி இந்தத் துறைக்குக் கூப்பிட்டார். நல்ல முடிவு வரும் ஒவ்வொரு தடவையும், கெட்ட முடிவு வந்தால் எப்படிக் குடைந்து கேட்பாரோ, அப்படியே கேட்பார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். வளையம் பெரிதாக விழுந்தால் நான் ஏன் உங்களைப் படுத்தி எடுத்தேன் என்று இப்போது புரிகிறதா? நீங்கள் கொண்டுவரும் இலையை உங்கள் வீட்டைச் சேராத ஒருவரிடம் முகரக் கொடுங்கள் என்று நான் சொல்லும்போதெல்லாம் சிரித்தீர்களே, அதற்கும் இதுதான் காரணம்.

வருடக் கடைசியில் லயத்து வீட்டைக் காலி செய்தோம். அலோர் ஸ்டாரிலேயே மெர்கோங்கில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்குப் பிடித்தேன். இரண்டு சின்ன அறை. அந்தோணியார் படத்தை மாட்ட ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. அம்மா அதிலேயே மாட்டினாள். அப்பா ஒரு தடவைகூட அந்தத் தாளைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

குடிவந்து நான்கைந்து மாதம் இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை, போர்வை எடுப்பதற்காகப் பழைய பெட்டியைத் திறந்தேன். திறந்ததும் முகத்தில் அடித்த வாடையில் இருமல் வந்துவிட்டது. அடியில் அப்பாவின் வேலைச் சட்டை இரண்டு மடித்துக் கிடந்தன. புகை. காக் சோம் சொன்னாரே, புகை போட்ட மீன், அதேதான். வாழ்நாள் முழுக்க அதன் நடுவிலேயே இருந்துவிட்டு, அன்றைக்குத்தான் முதன்முதலாக அது என் மூக்குக்கு எட்டியது. சட்டைகளைத் துவைப்பதற்காக வெளியே எடுத்துப் போனேன்.

குழாயடியில் நின்றிருந்த அப்பா, “அத ஏம்மா தொவைக்கிற? தொவச்சித்தானே வச்சேன்,” என்றார்.

“புகை நாறுதுப்பா.”

அவர் ஒரு சட்டையை வாங்கி முகத்தோடு வைத்து நன்றாக இழுத்து முகர்ந்தார். என்னைப் பார்த்தார். மறுபடி முகர்ந்தார்.

“ஒண்ணும் இல்லயேம்மா,” என்றார்.